எடைமேடை

உள்ளே வரும்போது ஓர் எடை,
வெளியே போகும்போது ஓர் எடை.
முந்தியதில் பிந்தியதைக் கழித்தால்
குலையின் கணக்கு வந்துவிடும்.
ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
ஒன்பது வருடமாக
லாரிகளைக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கணக்குத்தான் இடிக்கிறது.
திங்கள், ரொட்டி சானாய் இரண்டு. உள்ளே.
செவ்வாய், சோறும் நெத்திலிச் சம்பலும். உள்ளே.
புதன், அண்ணி வெட்டித் தந்த பப்பாளி, பாதிப் பழம். உள்ளே.
வியாழன்
தண்டாஸில் நாற்பது நிமிஷம்.
கதவில் யாரோ ஒட்டிய பழைய நாட்காட்டியில்
கெடா சுல்தான் பிறந்தநாள் வரைக்கும் மனப்பாடம்.
வெளியே,
ஒன்றுமில்லை.

மாத்திரை மஞ்சளாக இருக்கும்.
அது வருவதற்கு முன்னால்
என் தலைக்குள் ஒரு மண்டோர் குடியிருந்தான்.
விடியக்காலை நாலு மணிக்குப் பெரட்டு.
டார்ச்சை முகத்தில் அடித்து,
பேரைச் சொல்லி,
அம்மாவைச் சொல்லி,
ஆற்றில் விழுந்து சாகச் சொல்லி.
மாத்திரை அவனை வேலையிலிருந்து நிறுத்தியது.
போகிறவன் சும்மா போகவில்லை,
என் குடலையும் ஸ்டிரைக்குக் கிளப்பிவிட்டுப் போனான்.

கிளினிக்கில் மாதாமாதம் ரத்தம் எடுப்பார்கள்.
குரல் கேட்குதா?
இல்லை.
எச்சில் வடியுதா?
தலையணையைக் கேளுங்கள்.
வெளிக்குப் போகுதா?
போகுது டாக்டர்.

அந்த ஒன்றுதான் பொய்.
இல்லை என்று சொன்னால் மாத்திரையில் கை வைப்பார்கள்,
கை வைத்தால் டார்ச் வெளிச்சம் திரும்பி வரும்.
வயிறு கல்லானால் ஆகட்டும்,
கல் பேசாது.

ஆறாம் நாள்
அமலதாஸின் லாரி மேடையில் நிற்கிறது, பதினெட்டு டன்.
எண்ணை எழுதப்போனவன்
பேரேட்டின் மேலேயே வாந்தியெடுத்தேன்.
இறக்காத குலையோடு, அப்படியே, தெலுக் இந்தானுக்கு.
வழிநெடுக என்னைத் திட்டினான் அமலதாஸ்,
மண்டோரைவிட மோசமாக,
ஆனால் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு.

சின்னப் பெண், டாக்டர்.
குழாயை என் வயிற்றில் வைத்தாள்.
வலது. இடது. மேலே. கீழே.
கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம்.
பதினாலு வருடமாக
எனக்குள் சத்தம் இருக்கக்கூடாதென்று கேட்டவர்கள்தான் எல்லாரும்.
ஒரு சத்தமாவது இருக்காதா என்று
அன்றைக்குத்தான் ஒருத்தி தேடினாள்.

அப்புறம் நடந்ததை எழுதுவதற்கில்லை.
நர்ஸ் பேர் சித்தி ஹாஜர்.
கையுறையை மாட்டிக்கொண்டே
கெம்போங் மீன் விலை ஏறிப்போனதைப் பேசினாள்,
முடியும்வரை பேசினாள்.
அந்த விலைக்கு நான் என்றும் கடன்.

மாத்திரையை நிறுத்தவில்லை.
கூடவே
பிசுபிசுவென்று இனிக்கும் ஒரு மருந்துத் தண்ணீர்,
ராத்திரிக்குச் சின்ன மாத்திரை இரண்டு,
போனாலும் போகாவிட்டாலும் தினமும்.
பப்பாளி நல்லது, பப்பாளி மட்டும் போதாது என்றாள் டாக்டர்.
அண்ணி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.
இரண்டு நாள் தாண்டினால் காத்திருக்காதே,
வயிறு உப்பினால் அந்த நாளே வா.
பொய் சொன்னாயோ,
அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

இப்போது என் பெயரில் ஒரு பேரேடு.
தேதி, உள்ளே, வெளியே.
காலுக்கடியில் வைக்க, கவிழ்த்த பெயிண்ட் டின்.
விடியலில் சுடுதண்ணீர்,
ஆலைச் சங்கு வரைக்கும் நடை.
சில நாள் இரண்டு கோடு.
சில நாள் வெறும் கட்டம், அதையும் மறைப்பதில்லை.

ஊரெல்லாம் பசியாறியாச்சா என்று கேட்கும்.
அமலதாஸ் கண்ணாடியை இறக்கிப் புருவத்தைத் தூக்குவான்.
கட்டைவிரலைக் காட்டுவேன்.
இரண்டு நாளாகக் காட்டவில்லை என்றால்
வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வருவான்.
பின்னால் ஏழு லாரி ஹார்ன் அடிக்கும்.
நான் கிளினிக்குக்கு நம்பர் போடும்வரை
ரசீதைக் கையில் வாங்கமாட்டான்.